20 வயதில் எல்லாம் வெறுத்துப்போன ஜான் ஸ்டூவர்ட் மில்: அந்த மனச்சோர்விலிருந்து மீண்டது எப்படி?

1826-ம் ஆண்டின் இலையுதிர் காலம். லண்டனில் 20 வயது இளைஞர் ஒருவர் தனக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார். தான் பாடுபடும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நிமிடமே நிறைவேறிவிட்டதாக வைத்துக்கொண்டால், தனக்கு அதில் பெரிய சந்தோஷம் கிடைக்குமா என்பதுதான் அந்தக் கேள்வி.

கிடைக்காது என்று மனசு உடனே பதில் சொல்லிவிட்டது.

அந்தப் பதிலோடு அதுவரை அவரைத் தாங்கிப் பிடித்திருந்த எல்லாமே சரிந்து விழுந்தது. எந்த இலக்குக்காக ஓடிக்கொண்டிருந்தாரோ, அதை அடைந்தாலும் ஒன்றுமே இல்லை என்றால், எதற்காக ஓட வேண்டும்?

அந்த இளைஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். 19-ம் நூற்றாண்டின் மிக முக்கியமான சிந்தனையாளர்களில் ஒருவர். தனிமனித சுதந்திரம், பேச்சுரிமை, பெண்களுக்கு வாக்குரிமை என்று இன்று நாம் பேசும் பல விஷயங்களில் இவருடைய கை இருக்கிறது. அரசியல் அறிவியலோ பொருளாதாரமோ படித்தவர்களுக்கு இவர் பெயர் பாடப்புத்தகத்திலேயே அறிமுகம் ஆகியிருக்கும்.

ஆனால் பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் வராத ஒரு விஷயம், இவருடைய 20-வது வயதில் வந்த அந்த மனச்சோர்வு. அது எப்படி வந்தது, ஏன் யாருக்கும் தெரியவில்லை, அதிலிருந்து எப்படி வெளியே வந்தார் என்பதைப் பார்ப்போம்.

அப்பா போட்ட பாடத்திட்டம்

மில் 1806 மே 20-ம் தேதி லண்டனில் பிறந்தார். 9 பிள்ளைகளில் மூத்தவர். அப்பா ஜேம்ஸ் மில், ஸ்காட்லாந்துக்காரர், எழுத்தாளர். தத்துவவாதி ஜெரமி பெந்தமின் நெருங்கிய நண்பர். அதிகமான மக்களுக்கு அதிகமான மகிழ்ச்சியைத் தருவதுதான் நல்ல செயல், நல்ல சட்டம் என்பது பெந்தமின் கொள்கை. அந்தக் கொள்கையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகத் தன் மூத்த மகனையே உருவாக்க முடிவெடுத்தார் ஜேம்ஸ் மில்.

மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. எல்லாப் பாடமும் வீட்டில்தான். 3 வயதில் கிரேக்க மொழி. 8 வயதில் லத்தீன். 12 வயதில் தர்க்கவியல். 13 வயதில் பொருளாதாரம். அப்பா ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். மகன் அதே மேசையில் கிரேக்கப் பாடம் படிப்பான். கிரேக்க அகராதியைப் பார்க்கத் தேவையான லத்தீன் இன்னும் தெரியாது என்பதால், புரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். காலை நடைப்பயிற்சியில் முந்தைய நாள் படித்ததை ஒப்பிக்க வேண்டும். கற்றதைத் தம்பி, தங்கைகளுக்குச் சொல்லித் தர வேண்டிய பொறுப்பும் அவனுக்குத்தான். அவர்கள் தப்பாகச் சொன்னால் இவன் பதில் சொல்ல வேண்டும்.

விடுமுறை கிடையாது. சோம்பேறித்தனம் ஒட்டிக்கொள்ளும் என்பது அப்பாவின் பயம். மற்ற பையன்களோடு விளையாட்டும் இல்லை. பாராட்டு காதில் விழாமலும் பார்த்துக்கொண்டார். அதனால் தன் வயதுப் பிள்ளைகளைவிடத் தான் எவ்வளவோ முன்னால் இருக்கிறோம் என்பதே அந்தச் சிறுவனுக்குத் தெரியாது. தான் கொஞ்சம் மந்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் கொடுமை என்று மில் பிற்காலத்திலும் சொல்லவில்லை. இந்தக் கல்வியால் தனக்குப் பல ஆண்டுகள் மிச்சமானதாகவே கருதினார். ஆனால் அப்பாவிடம் பயம் இருந்த அளவுக்குப் பாசம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

17 வயதில் கம்பெனி வேலை

நமக்கும் இந்தக் கதைக்கும் உள்ள நேரடித் தொடர்பு இங்கே தொடங்குகிறது.

ஜேம்ஸ் மில் 1817-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு என்று 3 தொகுதிகளில் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்திய மொழி எதுவும் தெரியாது. ஆனாலும் அந்தப் புத்தகம் பெரிய பெயர் வாங்கித் தந்தது. 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமை அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது.

4 ஆண்டுகள் கழித்து, 1823 மே மாதம், மகனுக்கு 17 வயது முடிந்த மறுநாளே, அதே அலுவலகத்தில், அப்பாவுக்குக் கீழேயே எழுத்தராகச் சேர்ந்தார் ஜான் ஸ்டூவர்ட் மில். லெடன்ஹால் தெருவில் அலுவலகம். 10 மணிக்குப் போனால் 4 மணிக்குத் திரும்பலாம். இந்தியாவில் இருக்கும் கம்பெனி அதிகாரிகளுக்கு என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று லண்டனிலிருந்து போகும் கடிதங்களை வரைவு செய்வதுதான் வேலை. அடுத்த 35 ஆண்டுகள் அவர் அந்த வேலையில்தான் இருந்தார்.

அலுவலகம் போக மிச்ச நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று பார்த்தால் மூச்சு முட்டும். பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதினார். நண்பர்களோடு காலையில் கூடிப் பொருளாதாரம் படித்தார். விவாத மன்றம் ஒன்றைத் தொடங்கி நடத்தினார். கூடவே பெந்தம் கொடுத்த வேலையும் வந்தது. நீதிமன்றச் சாட்சியங்கள் பற்றி பெந்தம் வெவ்வேறு காலத்தில் 3 முறை எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளை ஒன்றாக்கிப் பதிப்பிக்க வேண்டும். எழுத்து புரியாது, வாக்கியங்கள் முடியாமல் நீளும். 18, 19 வயதில் அந்தக் குவியலைப் பிரித்து, அடுக்கி, திருத்தினார். 1827-ல் அது 5 தொகுதிகளாக வெளிவந்தது.

இவ்வளவுக்கும் பின்னால் ஒரே ஒரு உந்துசக்திதான் இருந்தது. 15 வயதில் பெந்தமைப் படித்ததிலிருந்து, உலகத்தைச் சீர்திருத்துவதுதான் தன் வாழ்க்கை என்று முடிவு செய்திருந்தார். நாள்முழுக்க உழைக்கலாம், இலக்கு நோக்கி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நகர்ந்தால் போதும், ஏமாற்றமே வராது என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்குதான் 1826-ல் உடைந்தது.

அந்தக் குளிர்காலத்தில் என்ன நடந்தது?

முதலில் இது சும்மா வந்துபோகும் சலிப்பு என்றுதான் மில் நினைத்தார். ஒரு நல்ல தூக்கம் போட்டால் சரியாகிவிடும் என்று படுத்தார். எழுந்தபோது அது அங்கேயே இருந்தது. ஒரு சில நிமிடங்களுக்கு மறக்க வைக்கும் விஷயம்கூட எதுவும் இல்லை.

எப்போதும் கைகொடுக்கும் பிடித்த புத்தகங்களை எடுத்தார். படிக்க முடிந்தது, ஆனால் எதுவும் உள்ளே போய்த் தொடவில்லை. துயரத்தை எழுதிப் புகழ்பெற்ற கவிஞர் பைரனைப் படித்துப் பார்த்தார். பைரனின் கதாநாயகர்களும் தன்னைப் போலவே எல்லாம் அலுத்துப்போனவர்களாக இருந்தார்கள். அதனால் பாரம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

இசை அவருக்கு சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். அந்தக் காலத்தில் லண்டன் மேடையில் வெபர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் 'ஓபரான்' புதிதாக வந்திருந்தது. இருட்டு கொஞ்சம் விலகத் தொடங்கிய நாட்களில் அதைக் கேட்டு ரசித்தார். உடனே ஒரு கவலை வந்து ஒட்டிக்கொண்டது. இசையில் இருப்பதே சில சுரங்கள்தான். அவற்றை மாற்றி மாற்றி அடுக்கும் வழிகளுக்கும் ஒரு எல்லை உண்டு. அதிலும் கேட்க நன்றாக இருப்பவை கொஞ்சம்தான். அவற்றில் பலவற்றை ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பார்கள். அப்படியானால் ஒருநாள் இசை தீர்ந்துபோய்விடாதா?

டேட்டாவோடு வேலை பார்க்கிற எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. பிடித்த பாட்டைக் கேட்கும்போதுகூட மனசு கணக்குப் போடுகிறது என்றால், எவ்வளவு களைத்துப் போயிருக்கும்! மில்லும் பிற்காலத்தில் இதை நினைத்துத் தன்னையே கிண்டல் செய்துகொண்டிருக்கிறார்.

ஏன் யாருக்கும் தெரியவில்லை?

இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி இதுதான்.

அந்த மாதங்களிலும் மில் அலுவலகம் போனார். கடிதங்கள் எழுதினார். விவாத மன்றத்தில் பேசினார். பழக்கத்தின் வேகத்திலேயே எல்லாம் நடந்தது. மனசு அதில் இல்லாமலேயே பேச்சைத் தயாரிக்கவும் பேசவும் அவரால் முடிந்தது. 1828-ல் அவருக்குப் பதவி உயர்வுகூடக் கிடைத்தது, அதுவும் பல படிகளைத் தாண்டி.

இன்றைய பாஷையில் சொன்னால், அப்ரைசலில் ஒரு குறையும் இருந்திருக்காது. வருகைப் பதிவேட்டையும் எழுதிய பக்கங்களையும் வைத்து யாராவது ஒரு வரைபடம் போட்டிருந்தால், அதில் எந்தச் சரிவும் தெரிந்திருக்காது. உள்ளே ஒருவர் உடைந்துகொண்டிருப்பதை வெளியே இருக்கும் எண்கள் சொல்வதில்லை.

அவரும் யாரிடமும் சொல்லவில்லை. இப்படி ஒரு விஷயத்தைச் சொல்லி அழும் அளவுக்கு நேசிக்கும் ஆள் யாராவது இருந்திருந்தால், தனக்கு இந்த நிலையே வந்திருக்காது என்று பிற்காலத்தில் உணர்ந்தார்.

அப்பா? ஒரே வீடு, ஒரே அலுவலகம். ஆனால் போய்ச் சொல்ல நினைத்த கடைசி ஆள் அவர்தான். சொன்னால் அவருக்குப் புரியாது என்று தோன்றியது. புரிந்தாலும், தான் பாடுபட்டு உருவாக்கிய கல்வி தோற்றுவிட்டது என்ற வலிதான் மிஞ்சும். அந்த வலியை ஏன் கொடுக்க வேண்டும் என்று மகன் அமைதியாக இருந்துவிட்டார். அப்பா அம்மா கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தார்கள், அவர்களிடம் போய் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நம்மில் பலருக்கும் இந்தத் தயக்கம் புதிதல்ல.

இப்படியே எவ்வளவு காலம் தாங்க முடியும் என்று யோசித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் முடியாது என்று தோன்றியது.

ஒரு புத்தகத்தில் ஒரு பக்கம்

அந்த ஒரு வருஷத்தில் பாதி கழிந்திருந்தது. மில் தற்செயலாக, மார்மான்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

மார்மான்டெல் சிறுவனாக இருக்கும்போது அவருடைய அப்பா இறந்துவிடுகிறார். குடும்பம் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. அப்போது அந்தப் பையனுக்குள் திடீரென்று ஒரு உறுதி வருகிறது. இனி இவர்களுக்கு எல்லாமாகவும் தானே இருப்பேன், இழந்ததையெல்லாம் ஈடுசெய்வேன் என்று நினைக்கிறான், அவர்களுக்கும் அந்த நம்பிக்கையைக் கொடுக்கிறான்.

அந்தக் காட்சியைப் படிக்கும்போது மில்லின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து பாரம் கொஞ்சம் இறங்கியது. தனக்குள் உணர்ச்சியே செத்துவிட்டது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அது பொய் என்பதற்கு அந்தக் கண்ணீரே சாட்சி. தான் ஒரு கட்டையோ கல்லோ இல்லை என்ற நிம்மதி வந்தது.

பிறகு சின்னச் சின்ன விஷயங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வெயில், வானம், புத்தகம், பேச்சு, நாட்டு நடப்பு. எல்லாவற்றிலும் பழைய வேகம் இல்லை. ஆனால் ஒரு நாளை ஓட்டுவதற்குப் போதுமான சந்தோஷம் இருந்தது.

இதைச் சினிமாவில் வரும் திருப்பம் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குப் பிறகும் அந்தச் சோர்வு பலமுறை திரும்பி வந்தது. சில தடவை மாதக்கணக்கில் நீடித்தது. ஆனால் முதல் தடவை அளவுக்கு ஆழமாக மறுபடி விழவில்லை.

மலையும் கவிதையும்

1828 இலையுதிர் காலத்தில் மில் முதல்முறையாக வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளை எடுத்தார். பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. ஆனால் பைரனிடம் கிடைக்காதது இங்கே கிடைத்தது.

காரணம் ஒன்று, அந்தக் கவிதைகளில் இருந்த மலைகளும் கிராமங்களும். 14 வயதில் பிரான்ஸில் ஓராண்டு தங்கியிருந்தபோது பிரனீஸ் மலைத்தொடரைப் பார்த்ததிலிருந்து மலை என்றால் மில்லுக்கு உயிர். ஆனால் வெறும் இயற்கை வர்ணனை மட்டும் என்றால் ஒரு நல்ல ஓவியம் போதுமே. வேர்ட்ஸ்வொர்த் காட்டியது, அந்தக் காட்சியைப் பார்க்கும்போது ஒரு மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதை. யாரோடும் போட்டி போடாமல், எதையும் சாதிக்காமல், எல்லா மனிதர்களும் பங்கு போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று அதில் தெரிந்தது.

இது அவருடைய அசல் பயத்துக்கே பதில். உலகத்தில் இருக்கும் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிட்டால் அப்புறம் மனிதனுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்பதுதானே 1826-ல் அவரை உடைத்தது? மிச்சம் இருப்பது இதுதான் என்று அவருக்குப் புரிந்தது.

அந்த மாற்றத்தை அவர் மறைத்தும் வைக்கவில்லை. விவாத மன்றத்தில் நெருங்கிய நண்பர் ரோபக் பைரன் பக்கம் நிற்க, மில் வேர்ட்ஸ்வொர்த் பக்கம் நின்று வாதாடினார்.

காரணம் என்ன?

மில் சொன்ன காரணம், தனக்குக் கிடைத்த பயிற்சி. எதையும் பிரித்துப் பிரித்து ஆராய வேண்டும் என்பதே அவர் கற்றது. நல்லதோடு சந்தோஷத்தையும் கெட்டதோடு வலியையும் மனசில் இணைத்துவிட்டால் பிள்ளை சரியாக வளரும் என்பது அப்பாவின் நம்பிக்கை. பாராட்டும் கண்டிப்பும்தான் அதற்குக் கருவிகள். ஆனால் அப்படி வெளியிலிருந்து ஒட்டவைத்த இணைப்புகளை, ஆராயும் பழக்கமே கரைத்துவிடும். ஒரு ஜோக்கை வரிவரியாக விளக்கினால் சிரிப்பு வராது இல்லையா? கிட்டத்தட்ட அதுமாதிரி. மில் மொத்த வாழ்க்கையையும் விளக்கிப் பார்த்துவிட்டார்.

அவருடைய நண்பரும் பிற்காலத்தில் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதியவருமான அலெக்சாண்டர் பெயினின் கருத்து வேறு. மில் அளவுக்கு மீறி உழைத்ததில் உடம்பும் மூளையும் களைத்துப்போனதுதான் முக்கியக் காரணம் என்பது அவருடைய கணிப்பு. 20-ம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் சிலர் இன்னொரு கோணம் சொன்னார்கள். மில்லை அழவைத்தது ஒரு தந்தை இறக்கும் காட்சி என்பதைக் கவனியுங்கள், அப்பாவின் பிடியிலிருந்து விடுபட அடிமனசு தவித்ததன் அடையாளம் அது என்றார்கள்.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அனுபவத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி மில்லின் தன்வரலாற்றில் 5-வது அத்தியாயத்தில் இருந்து வருகிறது. அதை அவர் எழுத ஆரம்பித்தது 1850-களில். அதாவது சுமார் 27 ஆண்டுகள் கழித்து, 47 வயது மனிதர் 20 வயது இளைஞனைத் திரும்பிப் பார்த்து எழுதியது. ஒரே ஒரு சாட்சி, அதுவும் தாமதமான சாட்சி. காரணங்கள் மூன்றில் எது சரி என்று இப்போது யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

என்ன கற்றுக்கொண்டார்?

மில் இதிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொண்டார்.

முதலாவது, சந்தோஷத்தை நேராகத் துரத்தினால் அது கிடைக்காது. வேறு ஒன்றில், இன்னொருவருடைய நலனிலோ ஒரு கலையிலோ ஒரு வேலையிலோ, அது முக்கியம் என்பதற்காகவே கவனம் வைக்க வேண்டும். சந்தோஷம் போகிற வழியில் வந்து சேர்ந்துகொள்ளும். நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று நிமிடத்துக்கு நிமிடம் சோதித்துப் பார்த்தால் இருந்ததும் போய்விடும்.

கவனித்தால், அவர் வெளியே வந்த விதமே இந்தப் பாடத்துக்கு உதாரணம். தன்னைப் பற்றி இன்னும் ஆழமாக யோசித்து அவர் மீளவில்லை. மனசை அடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டும் மீளவில்லை. யாரோ ஒரு பிரெஞ்சுப் பையனின் துக்கத்தில் சில நிமிடங்கள் தன்னை மறந்தார். அங்கேதான் கதவு திறந்தது.

இரண்டாவது, அறிவுக்கு எவ்வளவு தீனி போடுகிறோமோ அவ்வளவு உணர்ச்சிக்கும் போட வேண்டும். ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை. அதற்குப் பக்கத்தில் கவிதைக்கும் இசைக்கும் இயற்கைக்கும் இடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தை விட்டு வெளியே போய் மைல் கணக்கில் நடந்தார். ஆண்டு விடுமுறையிலும் நடைதான். பிரான்ஸில் கற்றுக்கொண்ட தாவரம் சேகரிக்கும் பழக்கம் கடைசிவரை தொடர்ந்தது. அதில் எந்த இலக்கும் இல்லை. யாரும் மதிப்பெண் போடப் போவதும் இல்லை.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. 1836-ல் அப்பா இறந்தபோது மில்லின் உடம்பும் கெட்டது. ஒரு கண்ணுக்கு மேலே தசை துடிக்கும் தொந்தரவு வந்து, வாழ்நாள் முழுக்க நின்றுவிட்டது. கம்பெனியில் விடுப்பு எடுத்து சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று போய் வந்தார்.

ஆனால் 1826-க்கும் அதற்குப் பிந்தைய காலத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இப்போது பேச ஆள் இருந்தது. 1830-ல் ஹாரியட் டெய்லர் அறிமுகமானார். ஏற்கெனவே திருமணமானவர். ஊர் பலவிதமாகப் பேசியும் அந்த நட்பு 20 ஆண்டுகள் நின்றது. கணவர் 1849-ல் இறந்த பிறகு, 1851-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். மில்லின் எழுத்துகளை முதலில் படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொன்னவர் ஹாரியட்தான்.

1858-ல் மறுபடியும் பெரிய அடி. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு இந்திய ஆட்சியைக் கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொண்டது. 35 ஆண்டு வேலை முடிந்து மில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு நவம்பரில், தெற்கு பிரான்ஸுக்குப் போகும் வழியில் அவின்யோன் நகரில் ஹாரியட் இறந்துபோனார். திருமணமாகி 7 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

52 வயது மில் இந்தமுறை தனியாக, யாருக்கும் தெரியாமல் அதைச் சுமக்கவில்லை. ஹாரியட்டின் கல்லறைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு வாங்கி, ஆண்டில் பாதி நாள் அங்கே தங்கினார். ஹாரியட்டின் மகள் ஹெலன் கூடவே இருந்தார். ஹாரியட்டோடு சேர்ந்து செதுக்கிய 'சுதந்திரம் பற்றி' நூலை 1859-ல் அவருக்கே அர்ப்பணித்து வெளியிட்டார். பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானார். 1867 மே 20, அவருடைய பிறந்தநாளன்று, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோல்விதான். ஆனால் 1826-ல் கனவு நிறைவேறினாலும் சந்தோஷம் இல்லை என்று உடைந்தவர், இப்போது தோற்பது தெரிந்தும் நின்றார்.

நாம் மறக்கக் கூடாத இன்னொரு பக்கம்

மில்லைப் பற்றி இந்தியாவில் எழுதும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. கம்பெனி வேலையில் அவர் 1,700-க்கும் மேற்பட்ட கடிதங்களை வரைவு செய்தார். ஒரு தடவைகூட இந்தியாவைப் பார்த்ததில்லை. ஆங்கிலவழிக் கல்வியை முன்வைத்த மெக்காலேயின் கொள்கையை எதிர்த்து அவர் எழுதிய வரைவு ஏற்கப்படவில்லை. ஆனால் கம்பெனி ஆட்சியையே காப்பாற்றப் பார்த்தவரும் அவர்தான். சுதந்திரத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அது இந்தியா போன்ற சமூகங்களுக்கு இன்னும் பொருந்தாது என்றும் நம்பினார்.

தன் மனசைப் பற்றி அவ்வளவு நேர்மையாக இருந்தவரால் இந்த விஷயத்தில் தன் அலுவலகத்தின் சுவருக்கு வெளியே பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே மனிதர்தான்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

மார்ச் மாத இலக்கு, அடுத்த சம்பள உயர்வு, ஆன்சைட், வீட்டுக் கடன் என்று ஒன்றன் பின் ஒன்றாக ஓடுபவர்களுக்கு மில்லின் கேள்வி என்றாவது ஒருநாள் வரத்தான் செய்யும். இது எல்லாம் கிடைத்தால் சரியாகிவிடுமா? வராது என்று மனசு சொன்னால், அதற்காக வாழ்க்கையே தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரே ஒரு தூணில் மொத்த வீட்டையும் நிறுத்தியிருக்கிறோம் என்று அர்த்தம். இலக்கே இல்லாமல் செய்யும் ஒரு விஷயமாவது வாரத்தில் இருக்கட்டும். நடை, பாட்டு, செடி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது, எதுவானாலும் சரி.

அதே சமயம், மில் செய்த ஒன்றை நாம் அப்படியே செய்யக் கூடாது. அது அந்த மௌனம். 1826-ல் மனநல மருத்துவர் என்று போய்ப் பார்க்க அவருக்கு ஆள் இல்லை. நமக்கு இருக்கிறார்கள். ஒரு புத்தகமும் ஒரு மலைக்காட்சியும் அவருக்கு உதவின. எல்லோருக்கும் அதுமட்டும் போதும் என்று சொல்ல முடியாது. எதிலும் ஆர்வமில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல், கிட்டத்தட்ட எல்லா நாளும் நீடித்தால், தூக்கமும் பசியும் மாறிவிட்டால், அது சோம்பேறித்தனமோ பலவீனமோ கிடையாது. சிகிச்சை இருக்கிற உடல்நலப் பிரச்சினை அது. வேலை நன்றாகத்தானே போகிறது என்று நீங்களே உங்களைச் சமாதானப்படுத்திக்கொள்ளாதீர்கள். மில்லின் வேலையும் நன்றாகத்தான் போனது.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இப்படியே எத்தனை நாள் தாங்குவது என்ற எண்ணம் வந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். இந்த எண்ணுக்கோ, நம்பும் ஒருவருக்கோ உடனே போன் செய்யுங்கள்.

மில் 1873 மே மாதம் அவின்யோனில் 66 வயதில் காலமானார். ஹாரியட்டின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது என்று நினைத்த நாளுக்குப் பிறகு 46 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். இறப்பதற்குச் சில நாட்கள் முன்புகூட, செடிகளைத் தேடி நண்பரோடு நெடுந்தூரம் நடந்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.